நொண்டிக் கோழியின் ஹக்கு

அறுத்து உண்ண ஆகுமாக்கப்பட்ட ஒரு பிராணிக்கு அடிபட்டால் அதற்கு மருந்திட வேண்டுமா? பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடாதா? இக்கேள்வி மதரஸாவில் எழுந்ததன்று. பசுமலையில் நம் வீட்டுக் கொல்லையில், ஒரு பெட்டைக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு நாம் உட்கார்ந்திருந்தபோது எழுந்தது.

திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தை ஆட்டுக்குப் பேர் போனது. நாட்டுக்கோழிகளும் அங்கே விலைக்கு வரும். முட்டைக்கென்று ஒரு கோழி வாங்கினோம். வழக்கம்போல் இரு கால்களையும் நைலான் நூலால் இறுக்கிக் கட்டி, வண்டியின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவந்தோம். ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்ட அவசரம். கொல்லையில் இறக்கி, முடிச்சை அரிவாள்மனையில் அறுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினோம்.

நாம் அறுத்தது ஒரு முடிச்சைத்தான். வலக்காலின் வெளிவிரலில் இன்னொரு சுற்று இருந்திருக்கிறது. தவிட்டு நிறக் காலில் அழுக்கு நூல் கண்ணுக்குப் படவில்லை. எட்டாம் நாள் கோழி காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. கல்லில் இடித்திருக்கும் என்று எண்ணி மேலும் இரண்டு நாள் விட்டுவிட்டோம். பத்தாம் நாள் பிடித்துப் பார்த்தால், நூல் தோலுக்குள் புதைந்து, விரல் வீங்கி நுனி கறுத்திருந்தது. கோழி வலியை வெளிக்காட்டாத ஜீவன். நொண்டுகிறது என்று நமக்குத் தெரியும் வேளையில் அது வெகு நாள் பொறுத்துவிட்டது என்று பொருள்.

அடுத்த வீட்டுப் பெரியத்தா எட்டிப் பார்த்தார்கள். "என்ன தம்பி, அறுத்து ஆணம் வைக்கிறதை விட்டுட்டுக் கோழிக்கு வைத்தியம் பாக்குறே?" என்று சிரித்தார்கள். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். ஐவேளையும் முதல் ஸஃப்பில் நிற்பவர்கள். சொன்னதில் மார்க்கப் பிழையும் இல்லை. விழுந்தும் அடிபட்டும் செத்த பிராணியை ஹராமாக்கிய திருவசனமே (5:3), உயிர் இருக்கையில் நாம் அறுத்துக்கொண்டதற்கு விலக்கு அளிக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்ணக் கண்டதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இருக்கிறது. ஆதலால் அறுப்பது பாவம் என்று சொல்ல நாம் வரவில்லை.

நம்மைத் தடுமாற வைத்தது அவர்கள் சொன்ன இரண்டாவது யோசனை. "உனக்கு மனசு வரலைன்னா மதரஸாப் புள்ளைகளுக்குக் கொடுத்துரு, ஸதகாவாப் போகும்." கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கிக்கொள்ளத் தோன்றும் மட்டமானதைத் தர்மத்துக்கென்று தேடிப் பிடிக்க வேண்டாம் என்று சூரத்துல் பகரா (2:267) எச்சரிக்கிறதே! சீழ் வைத்த காலோடு கோழியை அனுப்பிவிட்டு நன்மையை எழுதிக்கொள்ளச் சொல்வது எப்படி? விற்கலாம் என்றால், வாங்குபவரிடம் குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும். சந்தையில் அதை எத்தனை பேர் செய்கிறோம் என்பது தனிக் கதை.

அன்று இஷாவுக்குப் பின் நினைவுக்கு வந்தது இப்னு உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. யஹ்யா இப்னு ஸயீத் அவர்களிடம் அவர்கள் சென்றபோது, அவ்வீட்டுப் பையன் ஒருவன் கோழியைக் கட்டிவைத்து அதன்மீது எறிந்து கொண்டிருந்தான். இப்னு உமர் (ரலி) அவர்கள் நேரே கோழியிடம் நடந்து சென்று கட்டை அவிழ்த்தார்கள். அதன் பிறகே கோழியையும் பையனையும் கூட்டி வந்து, இவனைக் கண்டித்து வையுங்கள் என்று வீட்டாரிடம் கூறி, பிராணிகளைக் கட்டிவைத்துக் கொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை எடுத்துச் சொன்னார்கள். முதலில் முடிச்சு, பிறகு உபதேசம்! அந்தக் கோழியும் அறுத்து உண்ண ஆகுமானதுதான். அதன் உயிரை முறைப்படி எடுக்க அனுமதி உண்டு என்பதால், அதுவரை அதன் வலி நம் இஷ்டம் என்று ஆகிவிடவில்லை. பூனையால் நரகம் சென்ற பெண்ணின் ஹதீஸிலும் குற்றம் எது? கட்டிப் போட்டாள், தீனியும் கொடுக்கவில்லை, தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை.

ஃபிக்ஹு நூல்களில் இதற்குச் சட்டமே உண்டு. வளர்க்கும் பிராணியின் தேவையை உடையவன் கவனிக்காவிட்டால், கவனி, அல்லது விற்றுவிடு, உண்ணத்தக்கதாயின் அறுத்துவிடு என்று காழி அவனைக் கட்டாயப்படுத்தலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ காழி கட்டாயப்படுத்த முடியாது, ஆனால் அல்லாஹ்விடத்தில் அது அவன்மீது கடமை என்றார்கள். அவர்களின் மாணவர் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் கட்டாயப்படுத்தலாம் என்ற பக்கம் நின்றார்கள். நம் மதுரை வட்டாரத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். காழி கேட்கமாட்டார் என்பது நமக்கு ஆறுதலா, பயமா? ஹிஜ்ரி 660இல் (கி.பி. 1262) மறைந்த இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் மனிதன்மீது பிராணிகளுக்குள்ள ஹக்குகளை வரிசைப்படுத்தியபோது, நோயாலோ முதுமையாலோ பயன் தராமற் போனாலும் அதற்குச் செலவிடுவதை ஒரு ஹக்காகவும், அதைக் காயப்படுத்தும் மற்றப் பிராணிகளோடு சேர்த்து அடைக்காமலிருப்பதை இன்னொரு ஹக்காகவும் எழுதினார்கள். இரத்தம் கண்ட கோழியை மற்றக் கோழிகள் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

எனவே தனிப் பஞ்சாரம் போட்டோம். பழந்துணியால் தலையை மூடிக் கோழியைச் சுற்றினால் இருட்டில் அடங்கிவிடும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, தோல் இளகியதும் சின்னக் கத்தரியின் நுனியால் நூலைத் துண்டு துண்டாக எடுத்தோம். நம் வீட்டு அம்மாதான் எடுத்தார்கள். நமக்குக் கை நடுங்கிற்று. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதும் என்றார் நன்னி. சீழ் வைத்துவிட்டதால் அரசுக் கால்நடை மருத்துவரிடமும் காட்டினோம். கறுத்த நுனி பிழைக்காது, தானே விழும், இழுக்காதீர்கள் என்றார். கொடுத்த மருந்து உடம்பைவிட்டு நீங்கச் சில நாள் ஆகும், அதுவரை முட்டையோ கறியோ உண்ணக்கூடாது என்று தேதியும் எழுதித் தந்தார். அசுத்தம் தின்னும் கோழியை உண்பதற்கு முன் மூன்று நாள் அடைத்து வைப்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் வழக்கம் என்று படித்திருக்கிறோம். மருத்துவர் எழுதிய சீட்டு நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

பெரியத்தாவின் கேள்வி அப்படியே இருக்கிறது. பஸ் கட்டணத்தையும் மருந்தையும் கூட்டினால், சந்தையில் கொடுத்த விலைக்கு அருகே வந்துவிட்டது. வீட்டில் பிள்ளைக்கே மருந்து வாங்க வழியில்லாதவர் இவ்வளவும் செய்ய வேண்டுமா? வேண்டாம் என்றே கருதுகிறோம். அவர் கத்தியை நன்றாகத் தீட்டி, வேறு கோழிகள் காணாத இடத்தில் உடனே அறுத்தால், அதுவும் அந்த ஜீவனுக்கு ரஹ்மத்தே. தவறு வேறிடத்தில் இருக்கிறது. வைத்தியமும் செய்யாமல், விற்காமல், அறுக்காமல், விருந்தாளி வரும் நாள்வரை அது நொண்டிக் கிடக்கட்டும் என்று விடுகிறோமே, அதைக் காழியின் பட்டியலில் காணோம். நம் கொல்லைகளில் நடப்பது பெரும்பாலும் அதுதான். நாமும் இரண்டு நாள் அதைத்தான் செய்தோம்.

நாம் ஏன் அறுக்கவில்லை? சட்டம் கட்டாயப்படுத்தியதால் அன்று. கட்டியது நம் கை. அவிழ்க்க மறந்ததும் நம் அவசரம். அன்றைக்கே அறுத்திருந்தால், தவற்றை ஆணத்தில் கரைத்துக் குடித்ததுபோல் ஆகியிருக்கும் என்று நம் மனம் சொல்லிற்று. இதை இன்னொருவர்மீது சுமத்த நமக்கு உரிமை இல்லை.

பதினாறாம் நாள் விரல் விழுந்தது. கோழிக்காலை விரும்பித் தின்னும் சின்னவன், "இதை என்ன பண்றது அத்தா?" என்றான். உயிருள்ள பிராணியிலிருந்து துண்டானது செத்ததற்குச் சமம் என்று சொல்லி, முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைக்கச் செய்தோம். கூட்டில் உயரத்தில் இருந்த குச்சியை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். ஏறிக் குதிக்கையில் ஆறிய இடம் மறுபடி வெடிக்கக்கூடும்.

இப்போது முட்டை இடுகிறது. மருத்துவர் எழுதிய தேதி முடிந்து முதலில் கிடைத்த மூன்றைப் பெரியத்தா வீட்டுக்கு அனுப்பினோம். "எப்ப அறுக்கப் போறே?" என்று இன்னும் கேட்கிறார்கள், கேட்டுக்கொண்டே சோற்றுப் பருக்கையை அதன் முன் இறைக்கிறார்கள். திருமங்கலத்துக்குப் போகும்போது நாம் இப்போது ஒரு மூங்கில் கூடை எடுத்துப் போகிறோம்.