முகம் தெரியாதவரை நம்பிக் கொடுத்தது

சங்கரன்கோவில் அளவு ஊரில் ஒருவர் இணையத்தில் எதைத் தேடுகிறார் என்பதை மறைப்பது லேசில்லை. பிரவுசிங் சென்டர்காரர் அப்பாவுக்குப் பழக்கம். செல்போன் இணைப்பு அண்ணன் பெயரில். வேறு சாதிப் பையனைக் காதலித்துவிட்டு, பாதுகாப்புக்கு யாரிடம் போவது என்று தேடும் பெண்ணுக்கு அந்த மறைவு உயிர்ப் பிரச்சினை. கூலி பாக்கி பற்றிப் பெயர் போடாமல் புகார் எழுத நினைக்கும் விசைத்தறித் தொழிலாளிக்குப் பிழைப்புப் பிரச்சினை.

இப்படிப்பட்டவர்களுக்கு உதவக்கூடிய டோர் வலைப்பின்னல், தகவலை மூன்று கணினிகள் வழியாகக் கடத்துகிறது. முதல் கணினிக்கு அனுப்புபவர் யார் என்று தெரியும்; கடைசிக் கணினிக்குப் போய்ச் சேரும் இடம் தெரியும். இரண்டும் ஒரே ஆள் கையில் சிக்கினால் மறைவு போயிற்று. இக்கணினிகளை நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். இலவசமாகத்தானே செய்கிறார்கள், அவர்களை எப்படிக் கேள்வி கேட்பது என்று தோன்றலாம். கேட்கத்தான் வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. ஏமாற்றினாலும் அவளுக்குத் தெரியவராது. அதனாலேயே அவர்கள் கடமை கூடுகிறது.

2007-இல் சுவீடனின் டான் எகர்ஸ்டாட் ஐந்து கடைசிக் கணினிகளை நடத்தி, மறையாக்கம் இல்லாமல் கடந்துபோன கடவுச்சொற்களைப் பிடித்தார். சுமார் 100 மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். இந்தியத் தூதரகங்களும் பட்டியலில் இருந்தன. அவர் காட்டிய ஆபத்து உண்மைதான். அதைக் காட்டக் கடவுச்சொற்களை ஊரறியப் போட வேண்டியதில்லை.

2014-இல் நடந்தது இன்னும் சிக்கலானது. ஜனவரி 30 முதல் ஜூலை 4 வரை, டோருக்குள்ளேயே இயங்கும் மறைசேவைத் தளங்களைப் பயன்படுத்துவோரை அடையாளம் காண முயன்ற கணினிகள் வலைப்பின்னலுக்குள் இருந்தன. அவற்றின் பின்னணியில் இருந்ததாகக் கருதப்படும் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வில் கிடைத்த விவரம் போதைப்பொருள் சந்தை வழக்கொன்றில் காவல்துறைக்குப் போனதை 2016-இல் அமெரிக்க நீதிமன்றம் உறுதிசெய்தது. குற்றவாளி பிடிபட்டது நல்லதே. ஆனால் குறிப்பிட்ட ஒருவர்மீது சந்தேகம் கொண்டு, நீதிபதியிடம் அனுமதி வாங்கித் தேடுவது வேறு. அந்த வழியே போன எல்லோரையும் மாதக்கணக்கில் வேவு பார்ப்பது வேறு. இரண்டாவதை ஆராய்ச்சி என்ற பெயரும் நியாயப்படுத்தாது.

2020-இல் கடைசிக் கணினிகளின் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்த கும்பல் பிட்காயினைத் திருட முயன்றதில் விவாதிக்க எதுவுமில்லை. அது திருட்டு.

மிச்சப் பொறுப்பு, இக்கருவியை மற்றவருக்குப் பரிந்துரைப்பவர்களுடையது. இந்தியாவில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்ட பிறகு, டோரைக் கைகாட்டுவோர் உண்டு. கைகாட்டலாம், வலைப்பின்னல் தீய கணினிகளைக் கண்டுபிடித்து நீக்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் “முழுப் பாதுகாப்பு” என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது பொய். முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குகிறதா பார்க்க வேண்டும், சொந்தப் பெயரிலுள்ள கணக்கில் நுழையக் கூடாது, அண்ணன் கைக்குப் போகும் போனில் தேடவே கூடாது என்று சொல்லிக்கொடுத்த பிறகே அதை அவளிடம் தர வேண்டும்.