கயிறு மாறிய பிறகு

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் ஊர் எல்லையிலோ ஏரிக்கரையிலோ ஐயனார் கோயில் இருந்தால், அதன் முன்னால் குதிரை நிற்கும். வேண்டுதல் பலித்தவர்கள் குயவரிடம் சொல்லிச் செய்து வைத்த சுடுமண் குதிரைகள் அவை. இப்போது சிமெண்டிலும் எழும்புகின்றன. கழுத்துச் சலங்கை, சேணம், கடிவாளம் எல்லாம் உடம்போடு சேர்த்தே வனையப்பட்டிருக்கும். இரவில் ஐயனார் ஏறி எல்லையைச் சுற்றி வருகிறார் என்பது ஊராரின் நம்பிக்கை. அந்தக் குதிரை சாமியை நம்புகிறதா என்று யாரும் கேட்பதில்லை, கேட்க அவசியமும் இல்லை. உயிருள்ள குதிரையிடம் அப்படி விட்டுவிட முடியாது. புதிதாக வாங்கி வந்த குதிரை நாலு வாரத்தில் பழகிவிட்டது, ஆளை நம்ப ஆரம்பித்துவிட்டது என்கிறோம். கட்டுக்குள் இருக்கும் ஓர் உயிர், தன்னைக் கட்டியவனை நம்ப முடியுமா? ஆண்டான், அடிமை என்ற உறவையே பக்தியின் உச்சமாகப் பாடிய நம் மரபில், இது குதிரைக்காரர்கள் மட்டும் பேசித் தீர்க்கும் கேள்வியல்ல. முடியும் என்பதே என் வாதம். ஆனால் ‘மாட்டேன்’ என்று காட்டவும் அந்த உயிருக்கு இடம் இருக்க வேண்டும்.

மாணிக்கவாசகர் கதையிலேயே இதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தை, பின்னாளில் மாணிக்கவாசகரான அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்துவிடுகிறார். ஆவணி மூலத்தில் சிவனே குதிரை வியாபாரியாக மதுரைக்கு வந்து, நரிகளைப் பரிகளாக்கி ஒப்படைக்கிறார். அப்போது கயிறு மாறும் சடங்கு நடக்கிறது. விற்பவன் கையிலிருந்து கயிறு வாங்குபவன் கைக்குப் போனதும் வியாபாரம் முடிந்தது. அதன் பிறகு என்ன நடந்தாலும் விற்றவன் பொறுப்பல்ல. அன்று இரவே அவை நரிகளாகி, லாயத்தில் முன்பே நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடுகின்றன. கதையைச் சிவனின் திருவிளையாடலாகத்தான் காலம் காலமாகக் கேட்கிறோம். ஆனால் இதில் இரண்டு கைமாற்றங்கள் இருப்பதைக் கவனிக்கலாம். பாண்டியனுக்குக் கயிறு மாறியது, சொந்தம் மாறவில்லை. பெருந்துறைக் குருந்த மரத்தடியில் குருவாக வந்த சிவனைக் கண்ட வாதவூரருக்கோ கயிறே கிடையாது. அவர் முழுவதுமாக மாறிப்போனார். உரிமை ஒரு நொடியில் கைமாறும். சொந்தம் அப்படி மாறாது.

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டு அரசர்கள் நிஜத்திலும் விலை கொடுத்தே கற்றிருக்க வேண்டும். கற்றார்களா என்பது வேறு விஷயம். பதிமூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு அரபுக் கரைகளிலிருந்தும் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலேறின. மார்க்கோ போலோவும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் இதை எழுதியிருக்கிறார்கள். வந்த குதிரைகள் நிலைக்காததையும் எழுதியிருக்கிறார்கள். பராமரிக்கத் தெரிந்த ஆட்களே இங்கு இல்லை, அப்படிப்பட்டவர்கள் வராமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்பது போலோவின் குற்றச்சாட்டு. வஸ்ஸாஃப் சொல்வது இன்னும் நுணுக்கமானது. கப்பலிலிருந்து இறக்கிய குதிரையை நாற்பது நாள் கயிறும் முளையும் போட்டு லாயத்தில் கட்டிக் கொழுக்க வைத்து, பழக்காமலேயே வீரர்கள் ஏறி விரட்டினார்களாம். துடிப்பான குதிரைகள் கொஞ்ச காலத்தில் மந்தமாகி ஒன்றுக்கும் உதவாமல் போயினவாம். இருவரும் வெளியூர்க்காரர்கள், கொஞ்சம் ஏளனமும் கலந்திருக்கும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: தீனியில் குறையில்லை, கட்டிலும் குறையில்லை, நாற்பது நாளில் குதிரையோடு பேச்சுவார்த்தை மட்டும் நடக்கவில்லை.

அந்தப் பேச்சுவார்த்தையைத்தான் அமெரிக்காவின் டாம் டோரன்ஸ், ரே ஹன்ட் போன்றவர்கள் இருபதாம் நூற்றாண்டில் ஒரு முறையாகவே வளர்த்தார்கள். பின்னால் வந்த பாட் பரேலியும் மான்டி ராபர்ட்ஸும் இத்தகைய அணுகுமுறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். அடித்துப் பணிய வைப்பதற்குப் பதிலாக, குதிரையின் இயல்பைப் படித்துப் பழக்குவது. இதில் நுட்பமெல்லாம் மனிதனின் உடம்பில்தான் இருக்கிறது. குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்ச இடமும் வாலுக்குப் பின்னாலும் தெரியாது. ஆகவே நேராக முகத்தை நோக்கிப் போகாமல் தோள்பக்கமாகப் போக வேண்டும். குதிரை காதைப் பின்னால் சாய்த்தாலோ, கழுத்தை விறைத்தாலோ, நாம் நிற்க வேண்டும். அது தலையைத் தாழ்த்தி நம் பக்கம் ஒரு காதைத் திருப்பிய கணத்தில் நாம் ஓர் அடி பின்வாங்க வேண்டும். கயிற்றை இழுப்பதைவிட, சரியான நேரத்தில் தளர்த்துவதே பாடம். தாமதமாகத் தளர்த்தினால் குதிரை வேறு எதையோ கற்றுக்கொள்ளும்.

இதற்கு எதிராகக் கனமான ஒரு மறுப்பு இருக்கிறது. வட்டமான அடைப்புக்குள் குதிரையை ஓடவிட்டு, அது களைத்து நம்மை நோக்கித் திரும்பும்போது நெருக்குதலை நிறுத்தினால், நம் பின்னாலேயே நடந்து வரும். இதை நம்பிக்கை என்று கொண்டாடுகிறார்கள். 2012-ல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதனுக்குப் பதில் ரிமோட்டில் ஓடும் பொம்மை காரை வைத்து இதையே செய்து காட்டினார்கள். குதிரைகள் காரின் பின்னாலும் வந்தன. பொம்மை காரை யாரும் நம்ப முடியாது. ஆக, நடந்தது தொல்லையிலிருந்து தப்பும் வழியைக் கற்றது மட்டுமே. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். வட்ட அடைப்பில் வெளியேறும் வாசலே இல்லாதபோது, பின்னால் வருவதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. ஜெர்மன் ஆய்வாளர் கான்ஸ்டன்ஸ் க்ரூகர் 2007-ல் வெளியிட்டது இதை உறுதிப்படுத்துகிறது: அடைப்புக்குள் பின்தொடர்ந்த குதிரைகள், புல்வெளிக்கு வந்ததும் அப்படிச் செய்யவில்லை.

ஆனால் இந்த மறுப்பு ஒரு வித்தையைத்தான் கவிழ்க்கிறது, நம்பிக்கையையே அல்ல. பிரான்சில் கரோல் சாங்கேயும் குழுவினரும் 2010-ல் கண்டது: தீனி கொடுத்துப் பழக்கிய குதிரைகள் பல மாதம் கழித்தும் மனிதர்களைத் தாமாகத் தேடி வந்தன. 2018-ல் லியான் ப்ரூப்ஸ் குழு இன்னொன்றைக் காட்டியது. ஒருவரின் கோபமான புகைப்படத்தைக் காலையில் பார்த்த குதிரை, பிறகு அதே ஆள் சாதாரண முகத்தோடு நேரில் வந்தபோது இடது கண்ணாலேயே அதிகம் கவனித்தது. ஆபத்தாகத் தோன்றுவதைக் குதிரைகள் பெரும்பாலும் அந்தக் கண்ணால்தான் பார்க்கும். அதாவது குதிரை ஆளுக்கு ஆள் கணக்கு வைக்கிறது. கணக்கு வைக்கும் உயிரால்தான் நம்பவும் சந்தேகப்படவும் முடியும். அந்தக் கணக்கை நாம் படிக்க ஒரே இடம், அது விலகிப் போகச் சுதந்திரம் உள்ள இடம்.

பக்தர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். சரணாகதியில் ‘மாட்டேன்’ என்பதற்கு இடமேது? வைணவத்தில் இதற்குப் பழைய வழக்கு உண்டு. வடகலையார் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள், அது தாயை இறுகப் பற்ற வேண்டும். தென்கலையார் பூனைக்குட்டியைச் சொல்வார்கள், அது சும்மா இருந்தால் போதும், தாயே கவ்விப் போகும். பூனைக்குட்டிபோல் குதிரையும் இருந்தால் என்ன? பதில் குட்டியிடம் இல்லை, தாயிடம் இருக்கிறது. குட்டியால் தாய்ப்பூனைக்கு ஆக வேண்டியது எதுவுமில்லை. இறைவனுக்கும் ஜீவனால் ஆக வேண்டியது எதுவுமில்லை. குதிரை வாங்குபவனுக்கோ வேலை ஆக வேண்டும். முதுகு வேண்டும், ஊர்வலம் வேண்டும், வாடகை வேண்டும். தேவை உள்ளவன் தேவையற்றவனின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு முழுச் சரணாகதி கேட்பதுதான் கோணல். சரணாகதித் தத்துவம் அவனுக்குச் சலுகை தராது, கூடுதல் கடமையையே தரும்.

பிழைப்புக்காக ஒரே குதிரை வைத்திருப்பவரின் கேள்வி இதைவிடக் கூர்மையானது. ஆடியில் ஈரோடு மாவட்டம் அந்தியூர்ச் சந்தையில் கடன் வாங்கி ஒரு குதிரை பிடிக்கிறவர், சுழி பார்த்து, பல் பார்த்து, நடை பார்த்து வாங்குகிறார். ஆவணி முகூர்த்தத்தில் அது பேண்டு வாத்தியத்துக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே மாப்பிள்ளையைச் சுமந்தாக வேண்டும். காத்திரு என்று அவரிடம் சொல்வது கொள்ளும் புல்லும் வாங்கத் தேவையில்லாதவர்களின் உபதேசம்போல் படும். அந்த நெருக்கடி உண்மை. ஆனால் அதை யார் சுமப்பது என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. பழகாத குதிரை வெடிச்சத்தத்தில் மிரண்டால் அடிபடுவது மாப்பிள்ளையும் கூட்டத்தில் நிற்கும் குழந்தையும், பிறகு சாட்டையில் அந்தக் குதிரையும். பழகும் மாதங்களுக்கான தீனிச் செலவு குதிரையின் விலையில் ஒரு பகுதி; சந்தையில் பேரம் பேசும்போதே கணக்கில் வர வேண்டியது. அதைச் சேர்த்துக் கொடுக்க முடியாதவர், சந்தையில் நிற்கும் இளங்குதிரையை விட்டு, வாத்தியச் சத்தத்தில் ஏற்கெனவே பழகிய வயதான குதிரையைத் தேடுவதே நல்லது.