முதல்ல எந்தக் காமிக்ஸ் படிக்கலாம், அண்ணே?

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். முதலாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "அண்ணே, சூப்பர் ஹீரோ படமெல்லாம் பாத்துட்டேன். இனிமே புக் படிக்கணும். முதல்ல எதைப் படிக்கறது?" இன்னொருவன் விடவில்லை. "எதுக்குடா அதெல்லாம்? நம்ம அனுமாரை விடவா அவங்க பெரிய ஹீரோ?"

அன்றைக்கு இரண்டு பேருக்குமே நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஜித்ராவில் இந்தக் கேள்வி உள்ள தம்பி தங்கைகள் இன்னும் பலர் இருப்பார்கள். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் இரண்டாவது தம்பிக்கு. அனுமாரையும் ஸ்பைடர்மேனையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். அனுமாரை நாம் கும்பிடுகிறோம். ஸ்பைடர்மேன் ஒரு கதாபாத்திரம். ஆனால் நம் புராணம் சொல்லித் தந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதைகளைப் படிக்கலாம். சூரபத்மன் தவம் செய்துதான் வரம் வாங்கினான். இராவணனும் அப்படித்தான். தவமும் உண்மை, வரமும் உண்மை. ஆனாலும் அந்த வரம் அவர்களை நல்லவர்களாக ஆக்கிவிடவில்லை. சக்தி வேறு, தர்மம் வேறு.

ஆகவே முதலாவது தம்பிக்கு என் பதில் இதுதான்: யார் பலசாலி என்று மட்டும் காட்டும் புத்தகத்தை அப்புறம் படிக்கலாம். இந்தப் பலத்தை வைத்து என்ன செய்யணும், எங்கே நிறுத்தணும் என்று கேட்கும் புத்தகத்தை முதலில் படி. நான் சொல்வது நான்கு கதைகள்.

ஒன்று, தமிழிலேயே இருக்கிறது: இரும்புக்கை மாயாவி. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் 1972இல் இந்தக் கதையோடுதான் தொடங்கியது. மூலக்கதை 1962இல் பிரிட்டனில் வந்தது. லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து, இரும்புக்கை பொருத்திக்கொள்கிறார். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். சக்தி கிடைத்ததும் அவர் முதலில் செய்தது திருட்டு! பிறகுதான் திருந்தி நல்ல பக்கம் வருகிறார். யாரும் பார்க்காதபோது நீ யார் என்பதுதான் இந்தக் கதையின் கேள்வி.

இரண்டு, ஸ்பைடர்மேனின் முதல் கதை. ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்தது. இதுவும் 1962தான். ஓடுகிற திருடனைப் பீட்டர் பார்க்கர் சுலபமாகப் பிடித்திருக்கலாம். தன் வேலை இல்லை என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் பிறகு அவனுடைய பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். சில பக்கங்களில் முடியும் கதை, ஆனால் என்னை ரொம்ப நாள் விடவில்லை.

காரணம் இருக்கிறது. நான் படிப்பது கட்டுமானப் பொறியியல். 28 நாள் தண்ணீரில் வைத்த கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்போம். ஒருநாள் மூன்று கட்டிகளில் ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் நண்பன் தானாகவே எண்ணை எழுதினான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். 'நமக்கு எதுக்கு வம்பு' என்று வாயைத் திறக்கவில்லை. மதிப்பெண்ணும் நல்லா வந்துச்சு. நாளைக்கு ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு இப்படி எழுதினால் என்ன ஆகும்? அடுத்த சோதனையில் "மூணையும் செய்வோம்டா" என்று சொன்னேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை. சூப்பர் பவர் எதுவும் தேவைப்படவில்லை, அந்த ஒரு வாக்கியம்தான் கனமாக இருந்தது.

மூன்று, கிங்டம் கம் (1996). மார்க் வேய்ட் எழுதி, அலெக்ஸ் ராஸ் ஒவ்வொரு கட்டத்தையும் ஓவியமாகவே தீட்டியிருக்கிறார். புதுத் தலைமுறை ஹீரோக்கள் பொறுப்பில்லாமல் அடித்துக்கொள்கிறார்கள். ஒதுங்கியிருந்த சூப்பர்மேன் திரும்பி வந்து, சொல்பேச்சு கேட்காதவர்களை அடைக்கச் சிறை கட்டுகிறார். நல்லவர்தான். ஆனால் நல்லவர் கையில் எல்லா அதிகாரமும் இருந்தால் போதுமா?

நான்கு, வாட்ச்மென் (1986–87). ஆலன் மூர் எழுத்து, டேவ் கிப்பன்ஸ் ஓவியம். தம்பி, இது உனக்கு இப்போது வேண்டாம். வன்முறையும் பெரியவர்கள் விஷயமும் நிறைய இருக்கிறது. 18 வயது ஆகட்டும். பெரிய போரைத் தடுக்கப் பெரிய பாவம் செய்து, அதைப் பொய்யால் மூடலாமா என்று கேட்கும் கதை. படிக்கும்போது எனக்குத் தருமர் ஞாபகம்தான் வந்தது. அசுவத்தாமன் இறந்தான் என்ற அரை உண்மையால் துரோணர் வீழ்ந்தார். ஆனால் அதுவரை நிலத்தைத் தொடாமல் நான்கு விரல் மேலே ஓடிய தருமரின் தேர் தரையில் இறங்கியது. மகாபாரதம் அதை மறைக்கவில்லை.

கடைசியாக, அனுமார். அவருடைய பலத்தை ஜாம்பவான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கடலைத் தாண்டிப் போனவர், சீதையைத் தோளில் சுமந்து வந்துவிடுவதாகச் சொன்னார். அவரால் முடியும். சீதை மறுத்தார், இராமனே வர வேண்டும் என்றார். அனுமார் அதோடு நிறுத்திக்கொண்டார். கடலைத் தாண்டியதை எல்லாரும் சொல்வோம். நிறுத்திக்கொண்டதையும் சேர்த்துச் சொல்வோம்.

ரெண்டு தம்பிகளுக்கும்: மாயாவி புத்தகம் என்னிடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு கொண்டு வர்றேன். மாத்தி மாத்திப் படிங்க, பக்கத்தைக் கிழிக்காதீங்க. படிச்சிட்டு வகுப்பிலேயே பேசுவோம்.