ஃப்ளிப் என்ற சொல்லுக்கு யார் பொருள்?

சங்கப் பாடல்களில் ‘நாற்றம்’ என்றால் மணம். பூவின் நாற்றத்தைப் பாடிய புலவனை இன்றைய வழக்கில் படித்தால் முகம் சுளிக்கத்தான் வேண்டும். எழுத்து மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. இந்தியத் தத்துவ மரபில், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்றும் நிலையானது என்றார்கள் மீமாம்சகர்கள். இல்லை, அது உடன்பாட்டால் வருவது என்றார்கள் நையாயிகர்கள். இந்தப் பழைய வழக்கு 2017-இல் ஜாவா நிரலர்களின் மேசைக்கு வந்தது, பிழைச்செய்தியாக.

அந்தச் செப்டம்பரில் ஜாவா 9 வெளியானது. பல சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்ததோ 2014-இல் வந்த ஜாவா 8. சரி, புதிய கம்பைலரிடம் ‘சோர்ஸ் 8, டார்கெட் 8’ என்று சொன்னால் போயிற்று என நினைத்தார்கள். கம்பைலரும் ஓர் எச்சரிக்கையோடு ஒப்புக்கொண்டது. பழைய சர்வரில் ஏற்றினால், பைட்பஃபர் என்ற வகுப்பில் ‘ஃப்ளிப்’ என்று ஒரு மெத்தடே இல்லை என்று நிரல் நின்றுவிட்டது. 2002 முதல் இருக்கிற மெத்தட்!

நடந்தது இதுதான். ஜாவா 8-இல் ஃப்ளிப் என்பது தாய் வகுப்பான பஃபரின் சொத்து. அது திருப்பித் தருவதும் பஃபர். ஜாவா 9-இல் பைட்பஃபர் தனக்கென்று ஒரு ஃப்ளிப் வைத்துக்கொண்டது. அது தருவது பைட்பஃபர். நிரலர் எழுதியது பழைய அதே வரிதான். கம்பைலர் அதற்குத் தன் காலத்துப் பொருளைக் கொண்டு, மேலே எட்டாம் பதிப்பின் முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டது. இலக்கணம் பழையது, அகராதி புதியது.

நையாயிகர்களுக்கே வெற்றி என்று சொல்லிவிடலாம்.

இதைச் சரிசெய்ய, சிலர் ஃப்ளிப் வரும் இடமெல்லாம் ‘இதைப் பஃபராகவே கொள்க’ என்று ஒரு காஸ்ட் போட்டார்கள், உரையாசிரியர் குறிப்பு எழுதுவதுபோல. வேலை நடந்தது. ஆனால் காரணம் தெரியாத யாராவது, சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அதை அழித்துவிடலாம்.

நேர்மையான விடை ஜாவா 9-உடனேயே வந்த ‘ரிலீஸ்’ என்ற தேர்வு. ‘ரிலீஸ் 8’ என்றால், கூடவே வரும் எட்டாம் பதிப்பின் வகுப்பு, மெத்தட் பட்டியலைத் திறந்து அதன்படியே கம்பைலர் பொருள் கொள்ளும். ஒன்பதில் வந்த ‘லிஸ்ட்.ஆஃப்’ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் தொடவிடாது. கேட்பவரின் மொழியில் பேசுவதென்றால் அந்த அடக்கமும் வேண்டியிருக்கிறது.

எட்டாம் பதிப்புக்கு இந்த வசதி எத்தனை காலத்துக்கு? ஜாவா 12 ஆறாம் பதிப்பைக் கைவிட்டது, ஜாவா 20 ஏழாம் பதிப்பை. ஜாவா 21 எட்டாம் பதிப்பை இன்னும் ஏற்கிறது. ‘வழக்கொழிந்தது, பின்னால் நீக்கப்படும்’ என்ற எச்சரிக்கையோடு.