கதவுக்கு இருபுறமும் தாழ்

சரித்திர நாவல் படிக்கிறவர்களுக்கு முற்றுகை என்றால் தனி உற்சாகம். அகழி, சுரங்கப்பாதை, நள்ளிரவில் மதிலேறும் ஒற்றன், கொத்தளத்தில் நின்று எதிரியின் பாசறையைப் பார்க்கும் இளவரசி என்று நாலைந்து அத்தியாயங்கள் விறுவிறுப்பாக ஓடிவிடும். நானும் கதை எழுதுகிறவன். இவற்றின் சௌகரியம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அத்தியாயங்களில் பெரும்பாலும் வராத ஒரு பாத்திரம் உண்டு. குதிரில் மிச்சமிருக்கும் தானியத்தை மனசுக்குள் அளந்தபடி அடுப்பின் முன் உட்கார்ந்திருக்கும் பெண். முற்றுகையின் உண்மையான நாழிகைவட்டில் அவளிடம்தான் இருக்கிறது.

அவளுடைய குழந்தை பசியால் இறந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? வெளியே வளைத்து நிற்பவனையா, உள்ளே கதவைச் சாத்திக்கொண்டவனையா?

பாப்பிரெட்டிப்பட்டியில் உட்கார்ந்து இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து வடமேற்கே இருக்கும் தர்மபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் அந்த ஊரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை படைகொண்டு வந்து வென்றான். அரிசில்கிழார் வென்றவனைப் பதிற்றுப்பத்தில் பாடினார். ‘தகடூர் யாத்திரை’ என்று ஒரு தனி நூலே இருந்தது. சில பாடல்கள் தவிர மற்றவை அழிந்துபோயின. சேரர் குடிக்கு உரிய பனம்பூவை அதியமானும் சூடியதாகப் புறநானூறு சொல்கிறது. ஆக, வளைத்தவன் முற்றிலும் அன்னியன் அல்ல. அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனி நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். மதிலுக்குள் இருந்த குடிமக்களைப் பற்றி யாரும் நமக்குப் பாடம் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட மக்களுக்காக வாய் திறந்த புலவர் ஒருவர் சோழ நாட்டில் இருந்தார். ஒரே குடியில் பிறந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்தார்கள். நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் அடைந்து கிடந்தான். கோவூர்கிழார் அவனுக்குச் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. யானைகளுக்குக் கவளம் இல்லை. குழந்தைகள் பாலுக்கு அழுகின்றன. பெண்கள் தலையில் பூ இல்லை. வீடுகளில் தண்ணீர் இல்லை என்று வரிசையாகச் சொல்லிக் காட்டுகிறார். அறம் உன் வழி என்றால் ஊரைக் கொடுத்துவிடக் கதவைத் திற, மறம் உன் வழி என்றால் போருக்குத் திற, இரண்டும் இல்லாமல் மதிலுக்குப் பின்னால் பதுங்குவது வெட்கம் என்கிறார். பிறகு உறையூர் முற்றுகையின்போது இருவரையுமே கண்டிக்கிறார்: இருவர் கண்ணியும் ஆத்தி, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி.

யார் முதலில் ஆரம்பித்தான் என்று அவர் வழக்காடவில்லை. யாரால் கதவைத் திறக்க முடியும் என்றுதான் பார்த்தார். அவர் சொல்லால் பகை அடியோடு தீர்ந்ததாகவும் சொல்ல முடியாது. நெடுங்கிள்ளியைக் ‘காரியாற்றுத் துஞ்சியவன்’ என்றே பழைய குறிப்புகள் அழைக்கின்றன.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 1995 அக்டோபர் 17ஆம் தேதி, புலிகள் வசமிருந்த யாழ்ப்பாணத்தை நோக்கி இலங்கை ராணுவம் ‘ரிவிரெச’ என்ற பெரும் படையெடுப்பைத் தொடங்கியது. 30ஆம் தேதி, எல்லோரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். டிசம்பர் 5ஆம் தேதி ராணுவம் கொடியேற்றியபோது நகரம் ஏறக்குறையக் காலி. 2009இல் வன்னியில் நேர்மாறாக நடந்தது. அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்களில் குண்டுகள் விழுந்தன. உணவும் மருந்தும் போதவில்லை. தப்பி ஓட முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் தந்த அறிக்கை இரண்டையுமே எழுதியது. ஒரு தடவை மக்களைப் போகச் சொன்னார்கள். இன்னொரு தடவை போகக் கூடாதென்றார்கள். இரண்டு தடவையும் மக்களைக் கேட்கவில்லை.

‘அவன் கதவைத் திறந்திருந்தால்’ என்கிறான் வெளியே நிற்பவன். ‘அவன் வளைக்காதிருந்தால்’ என்கிறான் உள்ளே இருப்பவன். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதுதான் ஆபத்து, தன் பங்கை மறைக்க மற்றவனின் குற்றத்தைப்போல நல்ல திரை கிடையாது. நிலத்தைப் பாகம் பிரித்தால் ஆளுக்குப் பாதி வரும். பாவத்தைப் பாகம் பிரித்தால் ஆளுக்கு முழுசாக வரும்.

வாசகர்கள் கேட்கலாம்: ஒருவன் உரிமைக்காகப் போராடுகிறான், மற்றவன் ஆதிக்கத்துக்காக, இருவரும் ஒன்றா? ஒன்றல்ல. ஆனால் நியாயமான லட்சியம் ஒருவனுக்குத் தன் உயிரைப் பணயம் வைக்கத்தான் உரிமை தருகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பணயம் வைக்க அல்ல. நாட்டைக் காக்கும் கடமையும் அந்த உரிமையைத் தராது. குடிமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்ளக் கூடாது என்று 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த விதிகள் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று உள்நாட்டுப் போருக்கென்றே எழுதப்பட்டது. ஆவூரில் கேட்ட குரல் சட்டப் புத்தகத்துக்கு வர இத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

முதலில் தாழிட்டவன் யார் என்பதைச் சரித்திரம் சாவகாசமாக ஆராயட்டும். இன்று யார் கை தாழ்ப்பாளுக்கு எட்டுகிறது என்பதுதான் தர்மத்தின் கேள்வி. ‘அவன் திறக்கட்டும், பிறகு நான்’ என்று ஒருவன் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவன் கணக்கில்தான் ஏறும்.