துக்க வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்?



கடந்த செமஸ்டர் விடுமுறையில் நானும் இரண்டு நண்பர்களும் பாடாங் பெசாரிலிருந்து பேங்காக் போகும் இரவு ரயிலில் ஏறினோம். எனக்கு எதிர்ப் படுக்கையில் ஒரு கொரிய மாணவர். என் கழுத்தில் இருந்த ருத்ராட்சத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க இந்துவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது.

அவருடைய அம்மா சர்ச்சுக்குப் போகிறவர். பாட்டி பௌத்தர். பாட்டி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. பாட்டியின் படத்துக்கு முன்னால் விழுந்து வணங்க அம்மா மறுத்துவிட்டாராம். அன்றிலிருந்து மாமா அவர்கள் வீட்டோடு பேசுவதில்லை. அவர் சொன்னார்: "கடவுளை நம்பினா சாவுக்குப் பிறகும் வாழ்வு உண்டுன்னு அம்மா சொல்றாங்க. எல்லாமே மாறும், பற்றை விடுன்னு பாட்டி கும்பிட்ட கோயில் பிக்கு சொல்றார். அழுதுகிட்டு இருக்கிறவங்ககிட்ட உங்க மதத்துல என்ன சொல்வீங்க?"

நான் ஏழு வருஷம் தேவார வகுப்புக்குப் போனவன். போட்டியில் கோப்பையும் வாங்கியிருக்கிறேன். உடனே, "ஆன்மா அழியாது, உடம்புதான் அழியும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது தத்துவம். அழறவங்ககிட்ட என்ன சொல்வீங்கன்னுதான் கேட்டேன்" என்றார். எனக்கு ஒண்ணும் தோணல. அன்று இரவு தூக்கமும் வரல. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பினாங்கு திரும்பியதும் புலாவ் திக்குஸ் பக்கம் போனேன். அங்கே பர்மா சந்தில் 1845-இல் எழுந்த சயாமியர் கோயில் இருக்கிறது. உள்ளே 33 மீட்டர் நீளத்தில் புத்தர் படுத்திருக்கிறார். எதிரில் 1803-ஆம் ஆண்டின் பர்மியக் கோயில். கொஞ்ச தூரத்தில் 1811-இல் தொடங்கிய கத்தோலிக்கத் தேவாலயம். சின்ன வயசிலிருந்து இந்தப் பக்கம் எத்தனையோ முறை மோட்டாரில் போயிருக்கிறேன். நின்று பார்த்தது அன்றுதான்.

புத்தர் அங்கே தூங்கவில்லை. குசிநகரில் அவர் உடலை விட்ட கடைசி நேரம் அது. முகத்தில் வேதனை துளியும் இல்லை. சிலைக்குப் பின்னால் போனால் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள். இறந்தவர்களின் அஸ்திக் கலசங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். தேவாலயத்திலோ ஏசு சிலுவையில் தொங்குகிறார். உடம்பெல்லாம் காயம். ஒருவர் அமைதியாகச் சாகிறார். இன்னொருவர் கடவுள் தன்னைக் கைவிட்டாரோ என்று கதறிச் சாகிறார். அந்தக் கொரிய நண்பரின் வீட்டில் நடந்த சண்டை இந்த இரண்டு உருவங்களுக்கு இடையில்தான் என்று தோன்றியது.

இரண்டு மதத்திலும் ஒரு துக்க வீட்டுக் கதை உண்டு. பைபிளில் லாசரின் கதை. மார்த்தா, மரியா என்பவர்களின் சகோதரன் அவன். அவன் செத்து, அடக்கம் செய்து நாலு நாள் கழித்துத்தான் ஏசு வருகிறார். நீங்கள் முன்னமே வந்திருந்தால் அவன் செத்திருக்க மாட்டானே என்று சகோதரிகள் இருவரும் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். ஏசு கோபிக்கவில்லை. கல்லறைக்குப் போகும்போது அவரும் அழுகிறார். அதன் பிறகே லாசரை எழுப்புகிறார்.

பௌத்தத்தில் கிசா கோதமியின் கதை. செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு ஓடிவருகிறாள். புத்தர் குழந்தையை எழுப்பவில்லை. சாவே நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார். அவள் வீடு வீடாகப் போகிறாள். கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது, சாவும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பொழுது சாயும்போது குழந்தையை அடக்கம் செய்கிற மனநிலை அவளுக்கு வந்துவிடுகிறது.

வித்தியாசம் தெரிகிறது இல்லையா? கிறிஸ்துவத்துக்குச் சாவு ஒரு பகைவன், கடவுள் வந்து அதை வெல்ல வேண்டும். பௌத்தத்துக்குச் சாவு ஓர் உண்மை, அதைப் புரிந்துகொண்டால் துன்பத்தின் வேரான பற்று அறும். முன்னதில் படைத்த கடவுள் உண்டு, பிறவி ஒன்றுதான். பின்னதில் படைப்புக் கடவுள் இல்லை, மறுபிறவி உண்டு, ஆனால் நிலையான ஆன்மா இல்லை. 'எல்லா மதமும் ஒண்ணுதான்' என்று நாம் மேடையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அது இரண்டு பேரையும் சரியாகக் கேட்காததால் வருகிற பேச்சு.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு கதையும் சேர்கின்றன. யாரும் முதலில் பாடம் நடத்தவில்லை. ஏசு கூட அழுதார். புத்தரோ அவளிடம் தத்துவம் பேசாமல், பிற வீடுகளின் துக்கத்தை அவளே பார்க்கும்படி அனுப்பினார்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். ஆன்மா அழியாது என்ற உபதேசம் கீதையில் எங்கே வருகிறது? இரண்டாம் அத்தியாயத்தில். முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் கை நடுங்கி, வில் நழுவி, புலம்பித் தீர்க்கிறான். கிருஷ்ணர் குறுக்கே பேசவில்லை. முழுசாகக் கேட்கிறார். அந்தப் புலம்பலுக்கும் 'யோகம்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் ரயிலில் செய்த தப்பு இதுதான். முதல் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்து, நேராக இரண்டாவதைச் சொல்லிவிட்டேன்.

திலகவதியாரையும் நினைத்துப் பாருங்கள். பெற்றோர் போனார்கள், மணம் பேசியிருந்தவர் போரில் இறந்தார், தம்பி மருள்நீக்கியார் சமணத்துக்குப் போய்த் தர்மசேனர் ஆனார். அக்கா வாதம் செய்து அவரை மீட்கவில்லை. திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, தம்பிக்காக வேண்டிக்கொண்டு இருந்தார். சூலை நோயோடு ஓர் இரவில் தம்பி வந்து காலில் விழுந்தபோது, 'ஏன் போனாய்?' என்று குத்திக்காட்டவில்லை. திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். அப்பர் பெருமான் நமக்குக் கிடைத்தது அந்த அக்காவால்தான்.

நான் சொல்லாமல் வைத்திருந்த காரணம் இது. என் பள்ளி நண்பனின் அப்பா போன வருஷம் இறந்தார். எனக்கு அன்று பரீட்சை. வாட்சப்பில் 'ஆழ்ந்த இரங்கல்' அனுப்பினேன். பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நடுவில் போகவே இல்லை. அந்த நாட்களில் ஒரு சர்ச்சுக்காரர்கள் தினம் சாயங்காலம் அவன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறான். 'மதம் மாத்திட்டாங்க' என்று எங்கள் கிளையில் எல்லாரும் கோபப்பட்டார்கள். நானும்தான். ரயிலில் அந்தக் கேள்வி வந்தபோதுதான், நாம் போக வேண்டிய இடத்துக்கு அவர்கள் போனார்கள் என்று உறைத்தது.

பேங்காக்கிலிருந்து வந்த மறுவாரம் அவன் வீட்டுக்குப் போனேன். ஆன்மா பற்றி ஒன்றும் பேசவில்லை. "லேட்டாயிருச்சுடா, மன்னிச்சுரு" என்றேன். அவன் அப்பாவின் பழைய படங்களை எடுத்துக் காட்டினான். ஆன்ட்டி தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். சுவரில் முருகன் படம் பழைய இடத்திலேயே இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நம் கிளைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் நாளும் பதினாறாம் நாளும் மட்டும் போனால் போதாது. நடுவில் இரண்டு பேராவது போய் உட்காருங்கள். அவர்கள் விரும்பினால் ஒரு பதிகம் பாடுங்கள், இல்லையென்றால் சும்மா இருங்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு மாதம் கழித்தும் ஒருமுறை போங்கள். தத்துவத்தை அவர்களே கேட்கிற நாள் வரும். அன்றைக்குச் சொல்லலாம்.

கொரிய நண்பருக்கும் பதில் எழுதிவிட்டேன்: "முதலில் பக்கத்தில் உட்காருவோம். அதை நான் மறந்திருந்தேன்."

திருச்சிற்றம்பலம்.