வாய்ப்பாடும் வர்க்கமூலமும்

மேடலின் லெங்கிள் எழுதிய ‘எ ரிங்க்கிள் இன் டைம்’ 1962-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் கதாநாயகி மெக் மர்ரி பள்ளியில் முரண்டுக்காரி என்று பேரெடுத்தவள். கணக்கில் மட்டும் புலி. இயற்பியலாளரான அப்பா சொல்லிக்கொடுத்த குறுக்குவழியில் அவள் கணக்குப் போட, பாடப்புத்தக வழியில் போடச் சொல்லி ஆசிரியர்கள் கடிந்துகொள்கிறார்கள். காணாமல்போன அந்த அப்பாவைத் தேடி, தம்பி சார்லஸ் வாலஸோடும் நண்பன் கால்வினோடும் கமஸாட்ஸ் என்ற கிரகத்துக்குப் போகிறாள். அங்கே எல்லார் மனத்தையும் ஆட்டிவைப்பது ‘இட்’ என்ற, உடலே இல்லாத ஒரு மூளை.

அந்தக் கிரகத்தில் எதிர்ப்படும் செங்கண் மனிதன் பிள்ளைகளை வசியப்படுத்த எடுக்கும் ஆயுதம் வாய்ப்பாடு! ஒன்றாம் வாய்ப்பாட்டில் தொடங்கி, ஒரே தாளத்தில் ஓதுகிறான். கணிதம் பிடித்த பெண்ணைப் பற்றிய கதையில் கணிதம் முதலில் எதிரியின் கையில் இருக்கிறது. பிறகு, ‘இட்’டின் முன்னால் நிற்கும்போது மெக் தனிம அட்டவணையை ஒப்பிக்கிறாள். அதிலும் தாளம் இருக்கிறது என்று அப்பா தடுத்து, ஐந்தின் வர்க்கமூலத்தைக் கேட்கிறார். 2.236 என்கிறாள். (பெருக்கிப் பார்த்தால் 4.999696 தான் வரும். உயிர் போகிற நேரத்தில் அவ்வளவு சொன்னதே பெரிது.) ஐந்தின் வர்க்கமூலம் விகிதமுறா எண். அதன் தசம இலக்கங்கள் முடிவதுமில்லை, ஒரே வரிசையில் சுழன்று சுழன்று வருவதுமில்லை. தாளத்தால் ஆளும் மூளைக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

ஆனால் ஏழின் வர்க்கமூலம் கேட்கப்படும்போது மெக் தடுமாறிவிடுகிறாள். அறிவு அவளைக் கொஞ்ச நேரம் காத்தது, மீட்கவில்லை.

லெங்கிள் ஆழ்ந்த கிறித்தவர். நியூயார்க்கின் புனித யோவான் பேராலயத்தில் நீண்ட காலம் நூலகராக இருந்தவர். அவருக்கு இறையியலைக் கற்பித்தவை பெரும்பாலும் இயற்பியல் நூல்கள். இருளை எதிர்த்துப் போராடியவர்கள் யார் என்று நாவலில் ஒரு கேள்வி வருகிறது. பதிலில் இயேசுவோடு புத்தரும் காந்தியும் ஐன்ஸ்டைனும் இடம்பெறுகிறார்கள். மெக் தன் பங்குக்கு முதலில் சொல்லும் பெயர் யூக்ளிட். இயேசுவை இப்படி வரிசையில் நிறுத்தியது பழமைவாதக் கிறித்தவர் பலருக்கு உறுத்தியது. அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் அடிக்கடி எதிர்ப்புக்கு ஆளான புத்தகங்களில் இதுவும் ஒன்று.

நாவலில் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் மிஸஸ் ஹூ மேற்கோள் காட்டுகிறவர்களில் கணிதவியலாளர் பாஸ்கலும் உண்டு. பொருத்தமான ஆள்தான். 1654-இல் ஃபெர்மாவோடு கடிதம் எழுதி நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளமிட்ட பாஸ்கல், அதே ஆண்டு நவம்பரில் ஓரிரவு பெற்ற இறையனுபவத்தை எழுதி, மேலங்கிக்குள் தைத்துவைத்தார். அதற்காகக் கணிதத்துக்கு முழுக்குப் போட்டுவிடவில்லை. 1658-இல் பல்வலியை மறக்க ஒரு வடிவியல் கணக்கில் இறங்கினார் என்று அவருடைய அக்கா எழுதியிருக்கிறார்.

கணக்குப் புலியான பெண்ணைக் கடைசியில் அன்பால் ஜெயிக்கவைத்தது பெண்ணைப் பழைய இடத்துக்கே அனுப்பும் வேலை அல்லவா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஆண் விஞ்ஞானியான அப்பாவும் ‘இட்’டிடம் தோற்கத்தான் செய்கிறார், அதன் பிடியில் சிக்கிய சார்லஸை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. தம்பியை மீட்கத் திரும்பி வரும் மெக், தன்னிடம் உள்ள, ‘இட்’டிடம் இல்லாத ஒன்று எது என்று தேடுகிறாள். தேடுவது தெரியாத ஒரு மதிப்பு. கோபமா? அது ‘இட்’டிடமும் உண்டு. அப்போது, இன்னொரு வழிகாட்டியான மிஸஸ் வாட்சிட் அவளை வெறுக்கிறாள் என்று ‘இட்’ பொய் சொல்லிச் சறுக்குகிறது. அது பொய் என்று உறுதியாகத் தெரிந்ததும் விடை கிடைத்துவிடுகிறது: அன்பு. முரண்பாட்டைப் பிடித்து உண்மையை நிறுவும் இந்த முறை யூக்ளிடுக்குப் பழக்கமானதுதான்.

பகைவரையும் நேசி என்கிறது நற்செய்தி. ‘இட்’டை நேசித்தால் அது ஒருவேளை சுருங்கிச் செத்துவிடுமோ என்றுகூட மெக் நினைத்துப் பார்க்கிறாள். முடியவில்லை. தம்பியை மட்டும்தான் அவளால் நேசிக்க முடிகிறது, தம்பி மீள்கிறான். கமஸாட்ஸை ‘இட்’டின் பிடியிலேயே விட்டுவிட்டுக் கதை முடிகிறது.